வேகத்தை மறுக்கும் வாள்: ‘வாகபாண்ட்’ சித்திரக்கதைத் தொடரின் நிதானம்

1600ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஜப்பானின் நடுப்பகுதியில் உள்ள செகிகஹாரா என்னும் பள்ளத்தாக்கில், இரு அணியும் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று பொதுவாகக் கணிக்கப்படும் பெரும் படைகள் மோதின. காலையில் தொடங்கிய போர் பிற்பகலுக்குள் முடிந்து, தொகுகவா இயேயாசுவின் கிழக்கு அணி வென்று, அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளுக்கு நாட்டை ஆளப்போகும் குடும்பம் எது என்பதும் அன்றே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இந்தத் திருப்பத்தைக் களமாகக் கொள்ளும் சித்திரக்கதை எதுவும் குதிரைப்படைகளையும் துப்பாக்கி வரிசைகளையும் பக்கம் பக்கமாக விரிக்கவே விரும்பும். தகேஹிகோ இனோயே வரைந்த ‘வாகபாண்ட்’ தொடங்கும்போதோ போர் முடிந்திருக்கிறது. பெயரெடுக்கலாம் என்று ஊரைவிட்டு வந்து தோற்ற அணியில் சேர்ந்த தகேஸோ, மதஹாச்சி என்ற இரண்டு கிராமத்து இளைஞர்கள் பிணங்களுக்கு நடுவே சேற்றில் கிடக்கிறார்கள். தோற்றோடும் வீரர்களைத் தேடிக் கொன்று பொருள் பறிக்கும் கூட்டம் அவர்களைத் துரத்துகிறது. பிறகு அவர்களுக்கு அடைக்கலம் தரும் தாயும் மகளும் பிணங்களின் உடைமைகளைக் களைந்து விற்றுப் பிழைப்பவர்கள். ஜப்பானின் மாபெரும் போர் இத்தொடரில் அதன் எச்சங்களின் வழியாகவே வாசகரை அடைகிறது.

1998ஆம் ஆண்டு கோதான்ஷா பதிப்பகத்தின் ‘மோர்னிங்’ வார இதழில் தொடங்கிய இத்தொடர் இதுவரை 37 தொகுதிகளாக நூல்வடிவம் பெற்றிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் கோதான்ஷா மாங்கா விருதையும் 2002ஆம் ஆண்டில் ஒசாமு தெஸுகா பண்பாட்டுப் பரிசின் முதன்மை விருதையும் அது பெற்றது. மாங்கா எனப்படுவது ஜப்பானியச் சித்திரக்கதை; பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், வார அல்லது மாத இதழ்களில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவந்து, பின்னர் தொகுதிகளாகக் கட்டப்படும். போர்க்கலையை மையமாகக் கொண்ட மாங்காக்களில் ‘வாகபாண்ட்’ மிக மெதுவாக நகர்வது என்பதை அதன் அன்பர்களும் மறுப்பதில்லை. ஒரே மோதல் இரண்டு தொகுதிகளை நிறைக்கும். கதாநாயகன் ஏழு தொகுதிகளுக்கு ஏறத்தாழக் காணாமற்போவான். வாள் உறைக்குள்ளேயே கிடக்க, மண்வெட்டி மட்டும் பல அத்தியாயங்களுக்கு உழைக்கும். இந்த மெதுநடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் தொடரின் கருத்தே அந்த மெதுநடையில்தான் இருக்கிறது என்பதும், கொலைக்கு அதன் உண்மையான விலையைத் திருப்பித் தருவதற்கு இனோயே கண்ட வழி அது என்பதும் பக்கங்களை ஊன்றிப் பார்க்கும்போது புலப்படும்.

கதையின் மூலம் எய்ஜி யோஷிகாவாவின் ‘மியாமோட்டோ முசாஷி’ என்ற நாவல். 1935 முதல் 1939 வரை அசாஹி நாளிதழில் தொடராக வந்த அந்நாவல், முரட்டு இளைஞனான தகேஸோ, தகுவான் என்னும் ஜென் துறவியால் மரத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டுத் தன்னை உணர்ந்து, முசாஷி என்ற புதுப் பெயரோடு வாள்வழியில் தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் கதையைச் சொன்னது. தொடர் பாதி வழியில் இருந்தபோது, 1937இல், சீனாவுடன் முழுப்போர் மூண்டது. வாளின் வழியே மனத்தூய்மை என்ற செய்தியை ஒரு நாடு போருக்குள் நின்றுகொண்டு நாள்தோறும் வாசித்தது என்பதை மறந்துவிட்டு அந்நாவலை மதிப்பிட முடியாது. இனோயே அதே நிகழ்ச்சிகளையும் மாந்தர்களையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார். ஆனால் வெற்றிகளை அடுக்கி வளரும் வீரன் என்ற கட்டமைப்பை உள்ளிருந்தே பிரித்துப்போடுகிறார். வரலாற்று முசாஷியைப் பற்றிய சான்றுகளும் இதற்கு இடம் தருகின்றன. அவர் செகிகஹாராவில் தோற்ற அணியில் இருந்தார் என்பது நாவல் நிலைநிறுத்திய படிமம். அவ்வாண்டில் அவர் கியூஷூ தீவில், கிழக்கு அணியைச் சேர்ந்த குரோதா குடும்பத்தின் படையில் இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 1638இல் ஷிமபாரா கிளர்ச்சியை அடக்கச் சென்ற படையோடு இருந்தபோது, கோட்டையிலிருந்து எறியப்பட்ட கல் காலில் பட்டு அவர் காயமுற்றார். வாளில் தோல்வியே அறியாதவர் என்று போற்றப்பட்டவரைப் போர்க்களத்தில் சாய்த்தது ஒரு கல்.

இனோயே இத்தொடருக்கு வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1967இல் ககோஷிமா மாவட்டத்தில் பிறந்த அவர், 1990 முதல் 1996 வரை வரைந்த ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்துத் தொடரால் நாடறிந்தவரானார். அத்தொடரின் கடைசி ஆட்டம் பல தொகுதிகளுக்கு நீள்கிறது. ஆட்டத்தின் இறுதி நொடிகளுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. உரையாடல் குமிழிகளோ ஒலியைக் குறிக்கும் எழுத்துகளோ இல்லாமல், ஓடும் கால்களும் பந்தைத் தேடும் கண்களும் மட்டுமே பக்கங்களை நிரப்புகின்றன. நொடிகளில் முடிந்துவிடும் ஓர் உடற்செயலைப் பக்கங்களாக விரிக்கும் கலையை இனோயே விளையாட்டுத் திடலில் கற்றுக்கொண்டார். ‘வாகபாண்ட்’ அந்தக் கல்வியை உயிர்போகும் இடத்துக்குக் கொண்டுசென்றது.

இங்கே ‘மெதுவாக’ என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மாங்காவை விரிவாக அறிமுகப்படுத்திய பிரெட்ரிக் ஷோட், 1983இல் வெளிவந்த தம் நூலில், 320 பக்கமுள்ள ஒரு மாங்கா இதழை ஜப்பானிய வாசகர் சராசரியாக 20 நிமிடங்களில் படித்து முடிக்கிறார், அதாவது பக்கத்துக்கு நான்கு நொடிகூட ஆவதில்லை என்று ஒரு கணக்கைத் தந்திருக்கிறார். ஆகவே மாங்காவில் மெதுவாக நகர்வது வாசகரின் கண் அன்று. கதைக்குள் ஓடும் காலமே மெதுவாகிறது. கண் விரைந்து ஓட ஓட, கதைக்குள் ஒரு மூச்சு நேரம்தான் கடந்திருக்கும். அமெரிக்கக் கோட்பாட்டாளர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட சித்திரக்கதை பற்றிய நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கதை தாவும் முறைகளை ஆறாக வகுத்தார். அவற்றுள் ஒன்று, செயல் எதுவும் முன்னேறாமல் ஒரே இடத்தின், ஒரே மனநிலையின் வெவ்வேறு கூறுகளைக் கண் சுற்றிவருவது: ஒரு கட்டத்தில் இலை, அடுத்ததில் நனைந்த கல், அதற்கடுத்ததில் ஒருவரின் கழுத்து. மேலைச் சித்திரக்கதைகளில் அரிதான இம்முறை ஜப்பானியப் படைப்புகளில் இயல்பாகப் புழங்குகிறது என்று அவர் காட்டினார். ‘வாகபாண்ட்’ இந்த மரபைச் சண்டைக் காட்சியின் நடுவிலேயே கையாள்கிறது. வாள் பாதி உயர்ந்து நிற்கையில் கண் புல்லுக்குப் போகிறது, மேகத்துக்குப் போகிறது, பிறகே வெட்டுக்குத் திரும்புகிறது.

வாட்போரின் இயல்பும் இதற்குத் துணைநிற்கிறது. கூரிய வாளோடு இருவர் எதிர்நிற்கும்போது வெட்டு ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், காத்திருப்புதான் நீளமானது. ஜப்பானிய வாள் மரபில் ‘மாஆய்’ என்று ஒரு கருத்து உண்டு. இருவருக்கும் இடையிலுள்ள தொலைவையும், அதைக் கடக்கத் தேவைப்படும் நேரத்தையும் சேர்த்தே குறிப்பது அது. ஓரடி முன்னால் வந்தால் வெட்டலாம், வெட்டும் படலாம் என்ற எல்லை. நாரா நகரத்து ஹோஸோயின் கோயிலில், இன்ஷுன் என்ற ஈட்டிவீரத் துறவியோடு முசாஷி முதன்முறை மோதும் பகுதியில் அந்த எல்லை படிப்படியாகச் சுருங்குவதை இனோயே வரைகிறார். ஈட்டியின் நீளம் முசாஷியை நெருங்கவிடுவதில்லை. தன் உடல் தன் சொல்லைக் கேட்கவில்லை என்பதை அவன் முதலில் உணர்வதில்லை. வாசகர் உணர்கிறார், ஏனெனில் கால்விரல்கள் தனிக் கட்டமாகவும் தொண்டை தனிக் கட்டமாகவும் வரையப்பட்டிருக்கின்றன. கடைசியில் அவன் ஓடுகிறான். போர்க்கலைக் கதையொன்றின் நாயகன் அச்சத்தால் தப்பியோடுவதும், அந்த ஓட்டத்தின் அவமானம் அடுத்தடுத்த அத்தியாயங்களில் ஆற அமர ஆராயப்படுவதும் விரைவான கதைசொல்லலில் நடவாதவை. வேகமான கதையில் அச்சம் என்பது நாயகன் வெல்வதற்கு முன் வந்துபோகும் ஒரு முகபாவம். இங்கே அதுவே பாடம்.

தொடரின் மிகப்பெரிய மோதல் யோஷியோக்கா பள்ளியோடு நடப்பது. கியோட்டோவில் ஷோகன்களுக்கு வாட்பயிற்சி தந்த பெருமையுடைய அக்குடும்பத்தின் அண்ணன் செய்ஜூரோவும் தம்பி தென்ஷிச்சிரோவும் முசாஷியிடம் வீழ்ந்த பிறகு, பள்ளியின் மானத்தைக் காக்க 70 பேர் அவனை எதிர்த்துத் திரள்கிறார்கள். தனியொருவன் எழுபது பேரை வெல்வது சாகசக் கதைகளில் எளிதில் கிடைக்கும் களிப்பு. இனோயே அதைக் களிப்பாகத் தருவதில்லை. 26, 27ஆம் தொகுதிகளில் விரியும் அச்சண்டையில் தொடக்கத்தில் முசாஷியின் உடல் நீர்போல ஓடுகிறது. ஒவ்வொரு வெட்டும் அடுத்ததற்கு இட்டுச்செல்கிறது. ஆனால் எதிரிகள் முகமற்ற கூட்டமாக இருப்பதில்லை. ஒருவர் தயங்குகிறார், ஒருவர் பின்னால் நிற்பவரைப் பார்க்கிறார், ஒருவருக்குத் தன் முறை வந்துவிட்டது என்பது புரிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டமாவது, ஒரு பார்வையாவது கிடைக்கிறது. பக்கங்கள் கூடக் கூட முசாஷியின் கை கனக்கிறது, மூச்சு பிளக்கிறது, மேலே வழியும் குருதி தன்னுடையதா பிறருடையதா என்ற வேறுபாடு தெரியாமற்போகிறது. வாசகருக்கும் சலிப்புத் தட்டத் தொடங்கும் இடம் ஒன்று வருகிறது. அந்தச் சலிப்பு கருதியே உண்டாக்கப்பட்டது; எழுபது கொலைகளின் சுமையை எண்ணிக்கை உணர்த்தாது, கடந்துவந்த பக்கங்களே உணர்த்தும்.

வெற்றிக்குப் பிறகு என்ன நிகழ்கிறது என்பதிலேதான் ஆசிரியரின் தீர்ப்பு இருக்கிறது. காலில் ஆழமாக வெட்டுண்ட முசாஷி, இனி முன்போல வாள் வீச முடியுமா என்ற ஐயத்தோடு, கியோட்டோவின் காவல் பொறுப்பிலிருந்த இதகுரா கத்ஸுஷிகேயின் சிறையில் அடைபடுகிறான். வெளியே அவன் புகழ் பரவுகிறது. அந்தப் புகழே அவனைக் கொன்று பெயரெடுக்க விரும்பும் புதியவர்களை வழிநெடுக அனுப்பிவைக்கிறது. ஒரு கொலை அடுத்த கொலையை ஈன்றுகொண்டே போகும் இந்தச் சுழலைத் தொடர் திரும்பத் திரும்பப் பேசுகிறது. யாகியூ செகிஷூசாய், ஹோஸோயின் இன்எய் போன்ற முதியவர்கள் அச்சுழலிலிருந்து வெளியேறியவர்களாகவோ வெளியேற முயல்பவர்களாகவோ காட்டப்படுகிறார்கள். ‘விண்ணின்கீழ் நிகரற்றவன்’ என்ற பட்டத்தைத் தேடி யாகியூ கிராமத்துக்கு வரும் முசாஷி, படுக்கையில் கிடக்கும் செகிஷூசாயின் முன் நிற்கும்போது, தான் வெல்ல வந்தது எதை என்பதே அவனுக்கு விளங்காமற்போகிறது.

வரலாற்று முசாஷியின் எழுத்தும் இந்நோக்குக்கு வெகு அருகில் நிற்கிறது. 1643இல் குமமோட்டோ அருகிலுள்ள ரெய்கந்தோ குகையில் எழுதத் தொடங்கி, 1645இல் தாம் இறப்பதற்குச் சற்று முன் சீடரிடம் அவர் ஒப்படைத்த ‘ஐந்து வளையங்களின் நூல்’, பதின்மூன்று வயதிலிருந்து முப்பதை நெருங்கும் வரை அறுபதுக்கு மேற்பட்ட மோதல்களில் தாம் தோற்றதில்லை என்று முதலில் சொல்கிறது. உடனேயே, முப்பதைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது அவை தம் கலைத்தேர்ச்சியால் வந்த வெற்றிகள் அல்ல, இயல்பான திறனாலோ எதிரிகளின் குறைபாட்டாலோ நேர்ந்திருக்கலாம் என்று தமக்குப் புலப்பட்டதாகவும் எழுதுகிறது. அந்நூலின் காற்றுப் பகுதி, வேகத்தைப் பெருமையாகக் கருதும் பள்ளிகளைக் கண்டிக்கிறது. விரைவாகத் தோன்றுவது தாளம் தவறியதன் அடையாளம், உண்மையில் தேர்ந்தவரின் செயல் மெதுவாகத் தெரிந்தாலும் காலம் தவறாது என்பது அதன் கருத்து. ஒருவரோடு ஒருவர் மோதுவதற்கும் பெரும்படைகள் மோதுவதற்கும் நெறி ஒன்றே என்றும் முசாஷி கருதினார். ‘வாகபாண்ட்’ தனிமனித மோதலைப் பக்கம்பக்கமாக நிதானித்துக் காட்டியே போரைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வரையும் கருவியும் நடையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மாங்கா ஓவியர்களிற் பெரும்பாலோர் மையில் தோய்த்தெழுதும் உலோக முனைப் பேனாவைக் கையாள்பவர்கள். வாரந்தோறும் இருபது பக்கத்தை ஒட்டி வரைந்து கொடுக்க வேண்டிய தொழிலுக்கு அதுவே தோதானது. இனோயேவும் தொடக்கத் தொகுதிகளை அவ்வாறே வரைந்தார். சசாகி கோஜிரோவின் கதையைத் தொடங்கும் 14ஆம் தொகுதியை ஒட்டி அவர் தூரிகைக்கு மாறினார். தூரிகைக் கோடு ஒரே இழுப்பில் தடித்து மெலியும்; கை தயங்கினால் தயக்கமும் தாளில் பதியும்; திருத்த இடம் தராது. அதற்குப் பிறகு வரும் முகங்களில் தாடியின் ஒவ்வொரு மயிரும், நனைந்த துணியின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனி உயிர்ப்போடு நிற்கின்றன. சில இடங்களில் பக்கம் முழுவதும் வெறுமையாக விடப்பட்டு, மூலையில் ஓர் உருவம் மட்டும் மையின் ஈரத்தோடு நிற்கிறது. வாசகரின் கண் நான்கு நொடியில் அப்பக்கத்தைத் தாண்ட மறுக்கிறது. முசாஷியும் மை ஓவியர் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். காய்ந்த கிளையின் உச்சியில் கீச்சான் குருவி அமர்ந்திருக்கும் அவருடைய ஓவியத்தில், கிளை முழுவதும் கீழிருந்து மேலாக நீண்ட ஒரே இழுப்பில் எழுந்து நிற்கிறது. அத்தகைய ஓவியரின் வாழ்வைத் தூரிகையால் சொல்ல வந்த இனோயே, வார இதழின் அவசரத்துக்குள் மை ஓவிய மரபின் பொறுமையைப் புகுத்தினார். அதற்கு அவர் தம் உடல்நலத்தையும் விலையாகக் கொடுக்க நேர்ந்தது. 2010இல் நின்ற தொடர் 2012இல்தான் மீண்டது.

14 முதல் 20 வரையான தொகுதிகள் நாயகனை ஒதுக்கிவிட்டு, அவன் ஒருநாள் எதிர்கொள்ளவேண்டிய கோஜிரோவின் பிறப்புமுதல் கதையைச் சொல்கின்றன. நாவலின் கோஜிரோ பகட்டும் நாவன்மையும் மிக்கவன். இனோயேயின் கோஜிரோ செவிகேளாதவன், பேசாதவன். பச்சிளங் குழந்தையாக, நீண்ட வாள் ஒன்றோடு கடல்வழி வந்துசேரும் அவனை, கரையோரக் குடிசையில் தனித்து வாழும் கனெமகி ஜிசாய் என்னும் முதிய வாள்வீரர் வளர்க்கிறார். அகமொழியும் உரையாடலும் நீக்கப்பட்ட நிலையில் அவனுக்குக் கிடைப்பவை பார்வையும் தொடுகையுமே. அவனுக்கு வாள் புகழ் தேடும் கருவியாகத் தெரிவதில்லை, பிறரோடு பேசும் வழியாகத் தெரிகிறது. செகிகஹாராவின் எச்சம் இங்கே இரண்டாம் முறை வருகிறது: போரில் தோற்றுத் தப்பியோடும் வீரர்களும் அவர்களை வேட்டையாடுவோரும் நிறைந்த மலைப்பாதைகளில் கோஜிரோ அகப்பட்டு, அங்கே அவன் வெட்டி வீழ்த்தும் சிலரை, பேச முடியாத நட்போடு நோக்குகிறான். அவர்களின் சாவு அவனுக்கு இழப்பாக இருப்பதை ஒரு சொல்லும் இல்லாமல் முகக்கோடுகளாலேயே இனோயே காட்டுகிறார். தொடர் முழுவதிலும் மிக உயர்ந்த பகுதி எது என்று கேட்டால், இத்தொகுதிகளையே முதலில் சொல்ல வேண்டும்.

இத்தகைய நிதானம் இனோயேயோடு பிறந்ததன்று. சன்பெய் ஷிராத்தோ 1959 முதல் 1962 வரை வாடகை நூலகங்களுக்காக வரைந்த ‘நிஞ்சா புகெய்ச்சோ’வும், 1964இல் ‘காரோ’ இதழில் தொடங்கிய ‘கமுய்-தென்’னும் வாள்வீரக் கதைக்குள் உழவர் கிளர்ச்சிகளையும் சாதி ஒடுக்குமுறையையும் கொண்டுவந்தன. கஸுவோ கொய்கே எழுத, கோசெகி கோஜிமா வரைந்து 1970 முதல் 1976 வரை வெளிவந்து 28 தொகுதிகளாக நிறைந்த ‘தனி ஓநாயும் குட்டியும்’, தூரிகையின் வீச்சையும் சொல்லற்ற நிலக்காட்சிகளின் அழுத்தத்தையும் நிலைநாட்டியது. ஷிராத்தோவின் உழவரும் கோஜிமாவின் மௌனமும் ‘வாகபாண்ட்’டில் ஒன்றுசேர்கின்றன.

34ஆம் தொகுதியிலிருந்து விரியும் உழவுப் பகுதியில் அது தெளிவாகிறது. தந்தையை இழந்து தனித்துவிடப்பட்ட இயோரி என்ற சிறுவனைச் சந்திக்கும் முசாஷி, வறண்ட, கல் நிறைந்த நிலத்தை அவனோடு சேர்ந்து கொத்தத் தொடங்குகிறான். முதலில் நிலத்தை எதிரியாகவே நினைத்து மண்வெட்டியை வாளைப்போல வீசுகிறான், நிலம் அசைவதில்லை. நீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது, எந்த மண் பிடித்துவைக்கும், எது விட்டுவிடும் என்பதை ஊரின் முதிய உழவர் ஒருவரின் வயலைப் பார்த்துப் பார்த்துக் கற்கிறான். பிறகு பஞ்சம் வருகிறது. எலும்பு தெரியும் உடல்களையும் அசையாமல் கிடக்கும் குழந்தைகளையும் இனோயே யோஷியோக்கா சண்டைக்குத் தந்த அதே கவனத்தோடு வரைகிறார். எவருக்கும் தலைவணங்காத வாள்வீரன், அந்த ஊருக்கு உணவு வேண்டி அதிகாரத்தின் முன் மண்டியிடுகிறான். எழுபது பேரை வென்ற கை ஒரு கிராமத்தின் பசியைத் தீர்க்க உதவவில்லை.

போரிலிருந்து விலகிய கிளைக்கதை என்று பலர் தாண்டிச் செல்லும் இப்பகுதியே தொடரின் போர் பற்றிய நேரடிப் பேச்சு. உள்நாட்டுப் போர்க்காலம் முழுவதும் ஜப்பானியப் படைகளின் பெரும்பகுதி உழவர்களாலேயே நிறைந்திருந்தது. விதைப்பும் அறுவடையும் படையெடுப்பின் காலத்தைத் தீர்மானித்தன. 1588இல் தொயோதோமி ஹிதெயோஷி உழவர்களிடமிருந்த வாள்களையும் ஈட்டிகளையும் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். 1591இல் வந்த மற்றோர் ஆணை, படைப்பணியாளர் உழவுக்கோ வணிகத்துக்கோ போவதையும் உழவர் நிலத்தைவிட்டு வேறு தொழிலுக்குப் போவதையும் தடுத்தது. வாள் ஒரு குலத்துக்கும் மண்வெட்டி வேறொரு குலத்துக்கும் என்று அரசாணை பிரித்துவைத்த காலத்தின் மகன் முசாஷி. அவன் வாளை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்பது அந்தப் பிரிவினையை மீறும் செயல். அக்காலத்தில் பிரபுக்களின் வலிமை ‘கொகு’ என்ற அளவால் கணிக்கப்பட்டது. ஒரு கொகு சுமார் 180 லிட்டர் அரிசி. ஒருவருக்கு ஓராண்டு உணவாக வைத்தெண்ணிய அளவு. செகிகஹாரா வெற்றிக்குப் பரிசாக ஹொசொகவா தாதாஒகி பெற்ற கொகுரா நாடு ஏறத்தாழ 4 லட்சம் கொகு மதிப்புடையது. எத்தனை வீரர்களை வைத்துக்கொள்ளலாம், எத்தனை கோட்டைகளைக் கட்டலாம் என்பதையெல்லாம் நெல்லே நிர்ணயித்த உலகில், நெல் எப்படி விளைகிறது என்பதைக் காட்டாத போர்க்கதை பாதிக் கதைதான். நாற்றும் நீரும் விளைச்சலும் தமக்குரிய காலத்தில்தான் வரும். அவற்றை வரைய வந்த அத்தியாயங்கள் வேறு எந்த வேகத்திலும் நகர்ந்திருக்க முடியாது.

குறைகள் இல்லாத படைப்பன்று இது. முசாஷியை நினைத்தே வாழும் ஓட்ஸு என்ற பெண்ணுக்கு அந்த நினைவைத் தாண்டிய வாழ்வு அரிதாகவே கிடைக்கிறது. முப்பது தொகுதிகளுக்கு மேல் நீளும் கதையில் இது சிறிய குறையல்ல. கோஜிரோவின் பெயரைத் திருடிக்கொண்டு திரியும் மதஹாச்சியின் பகுதிகள் சில இடங்களில் மனித பலவீனத்தின் நுட்பமான சித்திரமாகவும் வேறு சில இடங்களில் இழுத்துக்கட்டிய நகைச்சுவையாகவும் ஏறியிறங்குகின்றன. யோஷியோக்கா சண்டைக்கும் உழவுப் பகுதிக்கும் இடையில் முசாஷியின் அகமொழி ஒரே கேள்வியைப் பலமுறை சுற்றிவருகிறது. அங்கே மெதுநடை தன் நோக்கத்தை இழந்து தயக்கமாக மாறுகிறது. நிதானத்துக்கும் தேக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர் 15ஆம் தொகுதியையும் 30ஆம் தொகுதியை ஒட்டிய பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

இனோயேயிடம் உதவி ஓவியராகப் பணியாற்றிய யசுஹிசா ஹாரா, 2006இல் தொடங்கிய ‘கிங்டம்’ தொடரில், சீனத்தின் சின் அரசு பிற அரசுகளை வென்ற வரலாற்றைப் பெரும்படை மோதல்களாக, வியூகம் வியூகமாக வரைந்துவருகிறார். ஆசிரியர் காட்டாமல் விட்ட போர்க்களத்தை உதவியாளர் விரித்துக் காட்டுகிறார் என்று சொல்லலாம். அங்கேயும் ஒரு போர் பல தொகுதிகளுக்கு நீளும், ஆயினும் அந்த நீளம் அடுத்த திருப்பத்துக்கான ஆவலை வளர்ப்பதற்கானது. மகோத்தோ யுகிமுராவின் ‘வின்லாந்து சாகா’ இனோயேவுக்கு நெருக்கமானது: பழிதீர்க்க வளர்ந்த வைக்கிங் இளைஞன் அடிமையாகி, காடு வெட்டிக் கோதுமை விளைவித்துக் கொலையைக் கைவிடுகிறான். இரண்டு கலைஞர்கள், இரு வேறு நிலங்களைப் பற்றி எழுதும்போது, போர்க்கலையின் மறுமுனையில் உழவையே கண்டது தற்செயலாகத் தோன்றவில்லை.

‘வாகபாண்ட்’ 2015 மே மாதத்தோடு நின்றுபோனது. மரபின்படி 1612இல் கன்ரியூ தீவில் முசாஷியும் கோஜிரோவும் மோதிய புகழ்பெற்ற சண்டையைத் தொடர் இன்னும் எட்டவில்லை. இருவரும் கொகுராவில் எதிர்கொள்வதற்கு முன்பே கதை நிற்கிறது. இனோயே பின்னர் ‘ஸ்லாம் டங்க்’ கதையைத் திரைப்படமாக இயக்கி 2022இல் வெளியிட்டார். முடிவு வராத தொடரைத் தொடங்கலாமா என்று தயங்குவோருக்கு ஒன்றைச் சொல்லலாம். 2008இல் தோக்கியோவின் உஎனோ அரச அருங்காட்சியகத்தில் இனோயே நடத்திய ‘கடைசி மாங்கா கண்காட்சி’, முதிய முசாஷியின் இறுதி நாள்களைச் சுவர்களை நிறைக்கும் பெரிய மை ஓவியங்களாகச் சொல்லி, அவருடைய மரணத்தையும் காட்டிவிட்டது. வாழ்வின் முடிவு வரையப்பட்டிருக்கிறது. வரையப்படாமல் இருப்பது இன்னொரு கொலை மட்டுமே. அந்தக் கொலைக்காகக் காத்திருக்காமல் கையில் இருக்கும் 37 தொகுதிகளையும் படிக்கலாம். நேரம் குறைவாக உள்ளவர் 14 முதல் 20 வரையான தொகுதிகளையாவது படிக்க வேண்டும்.